கேளுங்கள்... வாய்தா கிடையாது!

இந்த வாரம் சென்னை உயர் நீதிமன்றக் கட்டடம் மட்டும்தான். தீர்ப்புகளைப் பற்றி வந்த கேள்விகளையெல்லாம் கட்டிப் பரணில் போட்டாயிற்று. செங்கல், குவிமாடம், கல்லறை, பூட்டு, சாவி சம்பந்தப்பட்ட கேள்விகளுக்கு மட்டுமே இங்கே விசாரணை.

கோர்ட்டின் தலையில் எதற்குக் கலங்கரை விளக்கம்? கப்பல்காரர்கள் அவ்வளவு பேரா வழக்குப் போட்டார்கள்?
— மீன்பிடித் துறைமுகத்துப் பள்ளி மாணவி, நாகப்பட்டினம்

கப்பல் மேல் வழக்குப் போடவும் இந்தக் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் விளக்கு வந்த காரணம் அதுவல்ல, உயரம். சென்னையில் கலங்கரை விளக்கம் என்பது வாடகை வீட்டுக்காரர் மாதிரி இடம் மாறிக்கொண்டே இருந்த ஒன்று. 1796-ல் கோட்டைக்குள், இன்று அருங்காட்சியகமாக இருக்கும் கட்டடத்தின் மொட்டை மாடியில் தேங்காய் எண்ணெய் விளக்காகக் குடிவந்தது. 1844 ஜனவரி 1 அன்று கோட்டைக்கு வடக்கே புதிதாகக் கட்டிய கல்தூணின் உச்சிக்குப் போனது. 1892-ல் பக்கத்திலேயே உயர் நீதிமன்றம் எழும்பியது. அதன் பெரிய குவிமாடத்துக்கு முன்னால் தூண் குட்டையாகிவிட்டது. உயரமான ஆள் பக்கத்தில் நிற்கும்போது குட்டை ஆளிடம் விளக்கைக் கொடுத்து வைப்பார்களா? 1894 ஜூன் 1 முதல் குவிமாடத்தின் உச்சியில், சுமார் 175 அடி உயரத்தில், விளக்கு எரிந்தது. 1977 ஜனவரியில் மெரினாவில் புதுக் கோபுரம் வந்ததும் அணைந்தது.

எண்பது வருடத்துக்கு மேல், கீழே சட்டத்தின் வெளிச்சத்தைத் தேடி வழக்காடினார்கள். மேலே வெளிச்சம் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

வளாகத்துக்குள் கிரேக்கக் கோயிலிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்தது போல ஒற்றைத் தூண் நிற்கிறதே, யார் நினைவாக?
— பாரிமுனையில் தினமும் பஸ் மாறுபவர், திருவொற்றியூர்

யார் நினைவாகவும் இல்லை. மேலே சொன்ன 1844-ஆம் வருடத்து விளக்குத் தூண்தான் அது. டோரிக் பாணி, சுமார் 125 அடி. கட்டியவர் ராணுவப் பொறியாளர் கேப்டன் ஸ்மித். ஆக, ஒரே வளாகத்தில் இரண்டு கலங்கரை விளக்கங்கள், இரண்டும் ஓய்வு பெற்றவை. பராமரிப்பைப் பார்த்தால் இரண்டுக்கும் பென்ஷன் ஒழுங்காக வந்த மாதிரி தெரியவில்லை.

குவிமாடத்துக் கலங்கரை விளக்கத்தில் ஏறிப் பார்க்கலாமா?
— மூட்டு வலி இல்லாத மூதாட்டி, காரைக்குடி

அங்கே வழியில்லை, பாட்டி. மெரினா விளக்கத்துக்குப் போங்கள். 2013 முதல் பொதுமக்களை விடுகிறார்கள். லிஃப்ட்டும் உண்டு. மூட்டு வலி உள்ள தாத்தாவையும் அழைத்துப் போகலாம்.

வருடத்தில் ஒருநாள் ஹைகோர்ட் கேட்டையெல்லாம் இழுத்துப் பூட்டி, நீதிபதியே வந்தாலும் விடமாட்டார்களாமே! ஏதாவது சாபமா, பரிகாரமா?
— சட்டம் படிக்கும் பேத்தியின் தாத்தா, கும்பகோணம்

பரிகாரம்தான். ஆனால் பஞ்சாங்கத்தில் இல்லை, 1882-ஆம் வருடத்து வசதியுரிமைச் சட்டத்தில் இருக்கிறது.

பெரும்பாலும் நவம்பரில் ஒரு சனிக்கிழமை இரவு 8 மணிக்கு எல்லா வாசல்களையும் பூட்டுவார்கள். ஞாயிறு இரவு 8 மணிக்குத் திறப்பார்கள். அந்த 24 மணி நேரமும் வக்கீல், குமாஸ்தா, கட்சிக்காரர், டீக்காரர் யாருக்கும் அனுமதி இல்லை. முன்கூட்டியே நோட்டீஸும் ஒட்டிவிடுவார்கள்.

காரணத்தை உங்கள் ஊர்க் கணக்கிலேயே சொல்கிறேன். உங்கள் தோப்புக்குள் ஊர்க்காரர்கள் குறுக்கே நடக்கிறார்கள். நீங்களும் நல்ல மனசுக்காரர், பேசாமல் இருக்கிறீர்கள். இருபது வருடம் அப்படியே போனால் ஒருநாள் வந்து, "இது எங்கள் பாதை, வேலி போட நீ யார்?" என்பார்கள். கோர்ட்டும் "ஆமாம், பாதைதான்" என்று சொல்ல வாய்ப்பு உண்டு. தனியார் நிலத்துக்குத்தான் இருபது. அரசு நிலம் என்றால் முப்பது வருடம். பாரிமுனைக்கும் கடற்கரைச் சாலைக்கும் நடுவே இந்த வளாகம் ஒரு சுகமான குறுக்குவழி. நூறு வருடத்துக்கு மேலாக ஜனங்கள் நடக்கிறார்கள். விட்டால் ஹைகோர்ட் மேலேயே ஹைகோர்ட்டில் வழக்கு வரும்!

இங்கே உங்கள் பேத்தி ஒரு குறுக்குக் கேள்வி போடுவாள். அதே சட்டத்தின் 15-ஆம் பிரிவில், தடை ஏற்பட்டதைத் தெரிந்துகொண்டபின் ஒரு வருடம் அதற்கு இணங்கிப் பேசாமல் இருந்தால்தான் அது தடை என்று விளக்கம் இருக்கிறது. ஒருநாள் பூட்டு எப்படிச் செல்லும் என்பாள். கெட்டிக்காரி. பூட்டின் வேலை வழியை அடைப்பது மட்டுமல்ல. மற்ற 364 நாளும் நீங்கள் நடப்பது உரிமையால் அல்ல, எங்கள் அனுமதியால் என்று ஊரறியச் சொல்வது. அனுமதியால் நடப்பவர் எத்தனை வருடம் நடந்தாலும் உரிமை கேட்க முடியாது. இந்தப் பதிலைப் பேத்தி பரீட்சையில் எழுதட்டும். மார்க் குறைந்தால் தாத்தா வரவேண்டாம். நம்மிடம் மேல்முறையீட்டுப் பிரிவு கிடையாது.

எம்டன் கப்பல் ஹைகோர்ட்டைக் குறிவைத்துத்தான் குண்டு போட்டதா?
— ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியர், மணப்பாறை

ஜெர்மானியர்களுக்கு இங்கே நிலுவை வழக்கு எதுவும் இல்லை, சார். 1914 செப்டம்பர் 22 இரவு ஒன்பதரை மணி வாக்கில் எம்டனின் கேப்டன் கார்ல் ஃபான் முல்லர் குறிவைத்தது துறைமுகத்தை ஒட்டியிருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளை. சுமார் 130 குண்டுகள், அரை மணி நேரம். தொட்டிகள் பற்றி எரிந்தன. ஊர் பாதி, மூட்டை கட்டிக்கொண்டு ரயிலடிக்கு ஓடியது. சிதறி விழுந்தவற்றில் ஒன்று ஹைகோர்ட் மதில்மேல் பட்டது.

இதில் வேடிக்கை, கோர்ட்டின் தலையில் இருந்த விளக்குதான். ஐரோப்பாவில் சண்டை ஆரம்பித்து ஏழு வாரம் ஆகியிருந்தது. சென்னையில் விளக்கை அணைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. "ஊர் இங்கேதான் இருக்கிறது, வாருங்கள்" என்று அது கடலைப் பார்த்து வழக்கம்போல் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. முல்லருக்கு அதைவிட மரியாதையான வரவேற்பு கிடைத்திருக்காது. நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளில் ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி, எம்டனின் கணக்கை முடித்தது.

கிழக்குப் பக்க மதிலில் இதற்கு ஒரு கல்வெட்டு பதித்திருக்கிறார்கள். பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு தகவல்: பெரிய நினைவுத் தூணை எதிர்பார்த்துப் போனால் தாண்டிப் போய்விடுவீர்கள். சுவரோடு சுவராக ஒரு சின்னக் கல், அவ்வளவுதான். எதிரே பஸ்கள் புகை விட்டபடி போகும். உலகப் போரின் குண்டு பட்ட இடத்தில் நின்று நீங்கள் முகத்தைத் துடைத்துக்கொள்வீர்கள்.

எம்டனில் செண்பகராமன் பிள்ளை வந்தார் என்கிறார்களே? அவர்தான் வழி காட்டினாராமே?
— தேசபக்தர், நாகர்கோவில்

உங்கள் ஊர்ப் பாசம் புரிகிறது. செண்பகராமன் பிள்ளையின் சாகசங்களுக்குக் கற்பனை தேவையில்லை. ஆனால் அந்தச் சமயத்தில் அவர் ஐரோப்பாவில். 1914-ல் சூரிச்சில் இந்திய விடுதலைக்காகக் குழு அமைத்து, பிறகு பெர்லின் போனார். எம்டனோ போருக்கு முன்பிருந்தே கிழக்கில். சீனக் கரையின் சிங்தாவ் துறைமுகத்திலிருந்து புறப்பட்டு வங்கக்கடலுக்கு வந்த கப்பல் அது. நடுவில் பிள்ளையவர்கள் ஏறுவதற்கு ஸ்டாப்பிங் இல்லை. வழி காட்ட ஆளும் தேவைப்படவில்லை. முன் பதிலைப் பார்க்க: விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

ஹைகோர்ட்டுக்கு அடியில் கோட்டை வரை சுரங்கப்பாதை உண்டா?
— மர்மநாவல் ரசிகை, சேலம்

உண்டே! 2019 பிப்ரவரியில் திறந்தார்கள். டிக்கெட் எடுத்தால் யாரும் போகலாம். ஸ்டேஷன் பெயர்கூட 'உயர் நீதிமன்றம்'தான். சென்ட்ரலுக்கும் போகும், வண்ணாரப்பேட்டைக்கும் போகும். கோட்டைக்கு மட்டும் போகாது.

பேய்?
— அதே ரசிகை

கீழே பழைய இடுகாடு, நடுவே பல தலைமுறை வழக்குகள். இருந்தால்கூட 'நம்பர் ஆகவில்லை' என்று செக்‌ஷனில் ரிட்டர்ன் பண்ணியிருப்பார்கள்.

விளையாட்டாகச் சொன்னீர்களா, நிஜமாகவே இடுகாடா?
— பேயைக் கேட்டதும் பயந்துபோன வாசகர், ஆம்பூர்

நிஜம்தான். இந்த இடத்தின் கதையிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. கொஞ்சம் நீளும், உட்காருங்கள்.

ஆதியில், அதாவது 1600-களில், கோட்டையின் வடக்குச் சுவரை ஒட்டி ஜனநெருக்கடியான ஊர் ஒன்று இருந்தது. வெள்ளைக்காரர்கள் கறுப்பர் நகரம் என்று அழைத்தார்கள். நெசவாளிகள், வியாபாரிகள், துபாஷிகள், கோயில், கடைவீதி எல்லாம் அங்கேதான். அதன் ஓரத்தில் ஆங்கிலேயரின் இடுகாடு. 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். மூன்று வருடம் கழித்து உடன்படிக்கையில் ஊர் திரும்பக் கிடைத்தபோது ஆங்கிலேயருக்குப் புத்தி வந்தது: கோட்டைச் சுவருக்குப் பக்கத்தில் வீடுகள் இருந்தால் எதிரி ஒளிந்துகொள்ள வசதி. அப்புறம் என்ன, ஊரையே இடித்துத் தள்ளினார்கள்! பீரங்கி தடையில்லாமல் சுட வேண்டும் என்பதற்காக ஒரு முழு ஊர் மைதானமாயிற்று. எஸ்பிளனேட் என்பது அந்த மைதானம்தான். இன்றும் அந்தப் பெயரில் காவல் நிலையம் இருக்கிறது.

இடுகாட்டை மட்டும் இடிக்கவில்லை. செத்தவர்கள் வரி கட்டாவிட்டாலும் நம்மவர்கள் என்று நினைத்திருக்கலாம். 1758-ன் கடைசியில் பிரெஞ்சுத் தளபதி லாலி படையெடுத்து வந்தபோது பிரெஞ்சுச் சிப்பாய்கள் அந்த உயரமான சமாதிகளுக்குப் பின்னால்தான் சௌகரியமாக மறைந்துகொண்டார்கள். முற்றுகை முடிந்ததும் ஆங்கிலேயர் அதையும் தரைமட்டமாக்கி, கல்லறைக் கற்களைக் கோட்டைக்குள் தூய மேரி தேவாலய முற்றத்துக்குக் கொண்டுபோய்ப் பாவிவிட்டார்கள். இன்று அங்கே போகிறவர்கள் ஆளில்லாத கல்லறைகள் மேல் நடக்கிறார்கள். இங்கே நடப்பவர்கள் கல்லில்லாத ஆட்கள் மேல் நடக்கிறார்கள்.

தப்பித்தது ஒன்றே ஒன்று. சட்டக் கல்லூரிக் கட்டடப் பக்கம் போனால் கூம்பு மாதிரி முடியும் ஒரு சமாதி தெரியும். இரண்டு பேருக்கு ஒன்று. ஒருவர் ஜோசப் ஹின்மர்ஸ், கம்பெனிக் கவுன்சில்காரர், 1680-ல் இறந்தார். இன்னொருவர் டேவிட் யேல், நாலு வயதுக் குழந்தை. அப்பா எலிஹு யேல், 1687 முதல் 1692 வரை சென்னை கவர்னர். ஹின்மர்ஸ் இறந்த அதே வருடம் நவம்பரில் அவருடைய விதவை கேதரினை யேல் கைப்பிடித்தார். தூய மேரி தேவாலயம் திறந்து நடந்த முதல் கல்யாணம் அது. ஆக, ஒரே சமாதிக்குள் கேதரினின் முதல் கணவரும், இரண்டாம் கணவருக்குப் பிறந்த பிள்ளையும். நம் ஊர் பாகப்பிரிவினை வக்கீல்கள் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள்.

யேல் ஊழல் புகார்களோடு பதவி இழந்தார். சம்பாத்தியம் மட்டும் பத்திரமாக லண்டன் போனது. பின்னாளில் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் இருந்த ஒரு கல்லூரிக்கு ஒன்பது பொதி சரக்கும் 417 புத்தகங்களும் மன்னர் முதலாம் ஜார்ஜின் படமும் அனுப்பிவைத்தார். சரக்கை விற்றதில் 562 பவுண்டு கிடைத்தது. நன்றிக்கு 1718-ல் கல்லூரிக்கு யேல் பெயரை வைத்தார்கள். நம் பக்கத்துத் துணி வியாபாரத்தில் சேர்ந்த பணத்துக்கு இவ்வளவு மலிவாக இவ்வளவு பெரிய விளம்பரம் வேறு யாருக்கும் கிடைத்ததில்லை.

அந்தச் சமாதியை இடம் மாற்றச் சொல்லிக் கோர்ட்டே உத்தரவு போட்டதாமே?
— வாகனம் நிறுத்த இடம் கிடைக்காத இளம் வக்கீல், சென்னை

உங்கள் கையெழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது, நீங்கள் எந்தக் கட்சி என்று! 1921 முதல் அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம். அப்படிப்பட்ட சின்னத்தைச் சுற்றி நூறு மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. வளாகத்திலோ வண்டி நிறுத்த அடுக்கு மாடி தேவை. 2023-ல் வழக்கு வந்தது. சமாதியைப் பெயர்த்து வேறிடத்தில் வைக்கச் சொல்லித் தனி நீதிபதி உத்தரவிட்டார். தொல்லியல் துறை மேல்முறையீட்டுக்குப் போனது. முந்நூறு வருடம் பிரெஞ்சுப் பீரங்கி, ஆங்கிலக் கடப்பாரை, எம்டன் குண்டு எல்லாவற்றையும் சமாளித்த பிள்ளைக்குக் கடைசியில் எதிரியாக வந்தது கார் பார்க்கிங்.

என் கட்சியையும் சொல்லிவிடுகிறேன்: சமாதி இருக்கட்டும், நீங்கள் மெட்ரோவில் வாருங்கள்.

கோயிலை இடித்துத்தான் கோர்ட்டைக் கட்டினார்கள் என்று என் மாமனார் சண்டை போடுகிறார்.
— மருமகன், பூந்தமல்லி

மாமனாரிடம் முக்கால்வாசி தோற்றுப்போங்கள். இந்த நிலத்தில் கோயில் இருந்தது உண்மை: சென்ன கேசவப் பெருமாளும் சென்ன மல்லீஸ்வரரும் சேர்ந்திருந்த பட்டணம் கோயில். இடித்ததும் உண்மை. ஆனால் அது 1750-களில், பீரங்கிக்காக. கோர்ட் கட்டியது 1890 வாக்கில். நடுவே ஒரு நூற்றாண்டுக்கு மேல் வெறும் பொட்டல். இரண்டு கோயில்களும் மணலி முத்துகிருஷ்ண முதலியாரின் முயற்சியால் பூக்கடைப் பக்கம் திரும்ப எழுந்தன. இன்றும் போய்க் கும்பிடலாம். மாமனாரை அழைத்துப் போங்கள், கால்வாசி வெற்றி உங்களுக்கு.

பீரங்கிக்கு விட்ட நிலத்தில் கட்டடம் எப்படி வந்தது?
— பட்டாவோடு அலையும் வாசகர், தாம்பரம்

இங்கிருந்து கோட்டை வரை யாரும் கட்டக்கூடாது என்று 1773-ல் ஆறு எல்லைத் தூண்கள் நட்டார்கள். அவற்றில் ஒன்று பாரிமுனை டேர் ஹவுஸ் கட்டடத்தில் இன்னும் இருக்கிறது. நூறு வருடம் போனதும் பிரெஞ்சுக்காரன் வரமாட்டான், ஹைதர் வரமாட்டார் என்று தெளிந்துவிட்டது. பீரங்கிக்கு ஒதுக்கிய இடத்தை வக்கீல்களுக்குக் கொடுத்தார்கள். சத்தம் குறையவில்லை.

இவ்வளவு பெரிய கட்டடம் கட்டியவர் வெள்ளைக்காரரா, நம்மவரா?
— கொத்தனார் மகன், விழுப்புரம்

கோடு போட்டது அவர்கள், கட்டியது நாம். முதல் வரைபடம் பிராசிங்டன் உடையது. அதைத் திருத்தி எழுப்பியவர் ஹென்றி இர்வின், துணைக்கு ஸ்டீபன்ஸ். இர்வின்தான் சிம்லாவில் வைஸ்ராய் மாளிகையையும் மைசூர் அரண்மனையையும் செய்தவர். காண்டிராக்டர் நம்பெருமாள் செட்டியார். 9 லட்சத்துச் சொச்சம் என்று போட்ட எஸ்டிமேட் கிட்டத்தட்ட 13 லட்சத்தில் வந்து நின்றது. (வீடு கட்டுகிறவர்கள் ஆறுதல் அடையலாம்.) 1892 ஜூலை 12 அன்று கவர்னர் வென்லாக் பிரபு திறந்து, தலைமை நீதிபதி ஆர்தர் காலின்ஸிடம் சாவியைக் கொடுத்தார்.

செட்டியாரைப் பற்றி இன்னும் இரண்டு வரி. கன்னிமாரா நூலகம், பக்கத்துச் சட்டக் கல்லூரி, விக்டோரியா பப்ளிக் ஹால் எல்லாம் அவர் கட்டியவை. சேத்துப்பட்டில் மட்டும் அவருக்கு 99 வீடுகள் என்பது பழைய சென்னைக்காரர்கள் சொல்லும் கணக்கு. கணிதமேதை ராமானுஜன் 1920-ல் கண் மூடியது அவருடைய சேத்துப்பட்டு வீடு ஒன்றில்தான். செட்டியார் பெயரை ஒரு குவிமாடத்திலாவது எழுதியிருக்கலாம் என்பது என் தனிப்பட்ட மனு.

உள்ளே ஒரு நீதிபதி சிலை செருப்பில்லாமல் இருக்கிறதே, சிற்பி மறந்துவிட்டாரா?
— செருப்புக் கடைக்காரர், வாணியம்பாடி

தொழில் கண்! சிற்பி மறக்கவில்லை. அவர் திருவாரூர் முத்துசாமி ஐயர். கிராமக் கணக்கரிடம் மாதம் ஒரு ரூபாய்க்கு எடுபிடியாக வாழ்க்கையைத் தொடங்கியவர். 1878-ல் இந்த உயர் நீதிமன்றத்தில் நீதிபதி இருக்கையில் அமர்ந்த முதல் இந்தியர். 1893-ல் தற்காலிகத் தலைமை நீதிபதி. பளிங்கில் தலைப்பாகை இருக்கிறது, கம்பீரம் இருக்கிறது, செருப்பு மட்டும் இல்லை. சுற்றிலும் எல்லோரும் பளபளக்கும் கறுப்பு ஷூவில் விரைந்துகொண்டிருக்கும் இடத்தில் அந்த வெறுங்காலைப் பார்க்கவே ஒரு தடவை போகலாம்.

மனுநீதிச் சோழன் சிலை வேறு இருக்கிறது. இன்று பசு வந்து மணியடித்தால் நியாயம் கிடைக்குமா?
— பால்காரர், ஈரோடு

கிடைக்கும். முதலில் வக்காலத்தில் குளம்பு ரேகை, அப்புறம் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப். கன்று இறந்ததற்கு அத்தாட்சி பெற்ற நகல். எதிர்மனுதாரர் ராஜகுமாரன் என்பதால் சம்மன் சார்வாக நாலு மாதம். அதற்குள் பசுவுக்கு இன்னொரு கன்று பிறந்துவிடும். சமரச மையத்துக்கு அனுப்பிவிடுவார்கள்.

நீதிபதிகளுக்கு முன்னால் வெள்ளிக் கோலோடு நடப்பவர் யார்?
— ஊர்வலப் பிரியர், மதுரை

டவாலி. நீதிபதி வருகிறார், வழி விடுங்கள் என்பது அந்தக் கோலுக்கு அர்த்தம். மகாராணி காலத்து ஏற்பாடு. நீதிபதியாக இருந்த கே. சந்துரு, டவாலியும் வேண்டாம், 'மை லார்ட்'டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தானே நடந்து போனார். வழி விடாமல் யாரும் நிற்கவில்லை.

லண்டனுக்கு அடுத்தபடி உலகிலேயே இரண்டாவது பெரிய நீதிமன்ற வளாகமாமே?
— பொது அறிவுப் போட்டியாளர், தர்மபுரி

'உலகில் இரண்டாவது' என்று சொல்வதில் ஒரு சௌகரியம் உண்டு. முதலிடக்காரர் சண்டைக்கு வரமாட்டார், மூன்றாமிடக்காரர் டேப் எடுத்துக்கொண்டு வரமாட்டார். பரீட்சையில் வந்தால் எழுதி மார்க் வாங்கிக்கொள்ளுங்கள். என்னைச் சாட்சிக்குக் கூப்பிட வேண்டாம்.

எம்.கே.டி. பாகவதர் வழக்கு நடந்தது இங்கேதானா?
— 'ஹரிதாஸ்' பார்த்தவரின் பேரன், திருச்சி

இங்கேதான். பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் 1944 நவம்பரில் குத்தப்பட்டார். அந்தக் கொலை வழக்கில் மறு வருடம் மே மாதம், ஜூரிகள் சொன்ன முடிவின்மேல், நடிகர்கள் பாகவதருக்கும் என்.எஸ். கிருஷ்ணனுக்கும் ஆயுள் தண்டனை. விஷயம் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பி, 1947 ஏப்ரலில் விடுதலை.

உங்கள் தாத்தா சொல்லியிருக்கக்கூடிய ஒரு விஷயம்: வழக்கு நடந்த காலம் முழுக்க, கோர்ட்டிலிருந்து பொடிநடையாகப் போகும் தூரத்தில் பிராட்வே தியேட்டரில் 'ஹரிதாஸ்' ஓடிக்கொண்டிருந்தது. மூன்று தீபாவளி கண்ட படம் அல்லவா? கூண்டில் நின்ற பாகவதர் ஜெயிலுக்குப் போனார். திரையில் நின்ற பாகவதர் அரங்கு நிறைந்த காட்சிகளாக வெளியே இருந்தார். ஜூரிகளில் யாராவது மாலைக் காட்சிக்குப் போயிருப்பார்களா என்ற கேள்வி எனக்கு ரொம்ப நாளாக உண்டு.

சித்திரை வெயிலில் கறுப்புக் கோட்டும் அங்கியும் போட்டுக்கொண்டு எப்படி இருக்கிறார்கள்?
— வேர்க்குருவால் அவதிப்படும் வாசகி, வேலூர்

கட்டடம் கைகொடுக்கிறது. உயரமான கூரை, சுற்றிலும் அகலத் தாழ்வாரம். மதியத்துக்கு மேல் கடல்காற்று வந்தால் அந்தத் தாழ்வாரங்களில் ஏசி தோற்கும். எந்த அறைக்குள் வாதம் சூடுபிடிக்கிறதோ, அந்த அறை வாசலில் நிற்பவருக்குக் குளிர் காற்று. கோட்டைக் கண்டுபிடித்தவர்கள் இதையும் யோசித்துத்தான் மே மாதம் முழுக்கக் கோடை விடுமுறை விட்டார்கள்.

உயர் நீதிமன்றம் தொடங்கிய நாள் ஆகஸ்ட் 15 என்கிறார்களே, சுதந்திரத்துக்கு அப்புறமா?
— குழப்பத்தில் இருப்பவர், சிதம்பரம்

85 வருடத்துக்கு முன். 1862 ஆகஸ்ட் 15. கல்கத்தா, பம்பாய், சென்னை மூன்றுக்கும் விக்டோரியா மகாராணியின் சாசனத்தால் ஒரே கோடையில் உயர் நீதிமன்றம் கிடைத்தது. நம்முடையது முதல் முப்பது வருடம் கடற்கரைச் சாலையில், இன்று கலெக்டர் ஆபீஸ் இருக்கும் இடத்தில் இருந்த பழைய கட்டடத்தில் குடித்தனம் நடத்தியது. பிறகுதான் சொந்த வீடு.

ஊர் சென்னையாகி எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. கோர்ட் மட்டும் ஏன் இன்னும் 'மெட்ராஸ் ஹைகோர்ட்'?
— பெயர்ப்பலகை எழுதுபவர், திண்டுக்கல்

1996-ல் ஊருக்குப் பெயர் மாறியது. கோர்ட் தன் பெயரைச் சாசனத்தில் எழுதி வாங்கி வைத்திருப்பதால் நாடாளுமன்றம்தான் மாற்ற வேண்டும். 2016-ல் மக்களவையில் மசோதா வந்தது. கல்கத்தா, பம்பாய்க்கும் சேர்த்துத்தான். மக்களவைக் காலம் முடிந்தது, மசோதாவும் காலாவதி. நீங்கள் பிரஷ்ஷை இப்போதே நனைக்க வேண்டாம், பெயின்ட் காய்ந்துவிடும்.